மாமாவும் தம்பிரானும்

முட்டுக்காலைப் பிடிச்சுக்கொண்டு படி ஏறுற வயசுக்கு வந்திட்டம், இல்லையே? என்ர சோட்டு ஆக்கள் எத்தினை பேர் இன்னும் மொன்ட்ரியால் பார்க் எக்ஸ்டென்ஷனில இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாது. கன பேர் பெரிய வீடு வாங்கிக்கொண்டு ஆத்துக்கு அங்கால போட்டியள். போனாலும் ஒண்டு மறந்திராது. யூலை பிறக்க இந்த ஊர் முழுக்க வீடு மாறுமே, அந்தக் கூத்து. நடைபாதை நிறைய மெத்தையும் கதிரையும் கால் உடைஞ்ச மேசையும் கிடக்கும். எங்கட அப்பாமார் விடியவே எழும்பி, ஆர் என்னத்தை எறிஞ்சிருக்கினம் எண்டு பாக்கப் போவினம். நாங்கள் படிச்ச மேசை, படுத்த கட்டில், பாத்த டிவி எல்லாம் ஆரோ எறிஞ்சதுதான். இப்ப பிள்ளையளிட்டச் சொன்னால் முகத்தைச் சுழிக்குதுகள். எங்கட வீட்டுக்கு ஒரு வருசம் அப்பிடி வந்தது ஒரு பாம்பு.

சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன்.

எங்களுக்குக் கீழ் வீட்டில ஒரு வெள்ளைப் பெடியன் இருந்தவன், யூனிவேர்சிற்றியில படிச்சவன். வீடு மாறேக்க ஒரு கண்ணாடித் தொட்டியைப் பின் பக்கத்து விறாந்தையில விட்டிட்டுப் போட்டான். வீட்டுச் சொந்தக்காரி ஒரு கிரேக்க மனுசி, நல்ல மனுசி, ஆனால் குரல் மூண்டு தெருவுக்குக் கேக்கும். மீன் தொட்டியாக்கும் எண்டு மூடியைத் திறந்தவ, வீறிட்டுக் கத்திக்கொண்டு ஓடினா. அவவின்ர மகன் பனி வழிக்கிற சவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேல நிண்டு பாத்த என்ர அம்மா, மா பிசைஞ்ச கையோட இரும்புப் படியால இறங்கி ஓடினதை நான் இன்னும் மறக்கேல்லை. “நோ! நோ! சாமி! சாமி!” எண்டு சவளுக்கும் தொட்டிக்கும் நடுவில போய் நிண்டவ. அம்மாவுக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு அவ்வளவுதான்.

அம்மா பிறந்த ஊரில நாகதம்பிரான் கோயில் இருந்தது. எங்கட வீட்டில பாம்பு எண்ட சொல்லே சொல்லக்கூடாது, தம்பிரான் எண்டுதான் சொல்லவேணும். மொன்ட்ரியால் பனிக்குள்ள பாம்பு எங்க வரப்போகுது எண்டு அப்பா பகிடி விடுறவர். வந்திட்டுது, பாத்தியளே.

அம்மான்ர யோசனை, தொட்டியைக் கொண்டுபோய் ஏதாவது பார்க்கில திறந்து விடுறது. அப்பதான் மாமா படியால இறங்கி வந்தார்.

மாமா அம்மான்ர கடைசித் தம்பி. அதுக்கு முந்தின பனிக் காலத்திலதான் வந்து சேர்ந்தவர். ஊரில ஆமி பிடிச்சு, காம்பில வைச்சிருந்து விட்டது. என்ன செய்தவங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சுவரில முதுகு முட்டத்தான் இருப்பார். வெளியில இரும்புப் படியில ஆராவது சப்பாத்தோட ஏறினால், சாப்பிடுற கோப்பையை வைச்சிட்டு எழும்பி நிண்டிடுவார். சாப்பாடும் அப்பிடித்தான், ரெண்டு வாய் வைச்சிட்டு, “காணும் அக்கா” எண்டுவார். கதை எண்டால் மருந்துக்கும் இல்லை.

கதைக்காமல் இருக்கேலாது எண்டதுதான் சங்கடம். இலையுதிர் காலத்தில அவற்ற அகதிக் கேஸ் விசாரணை. வக்கீல் திரும்பத் திரும்பச் சொல்லிப்போட்டார், “எழுதிக் குடுத்தால் காணாது, உம்மட வாயால சொல்லவேணும், சொல்லாட்டி நம்பமாட்டினம்” எண்டு. மாமா வக்கீலுக்கு முன்னால பேரையும் ஊரையும் சொல்லுவார். அதோட நிப்பாட்டிடுவார். திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ எண்டு அம்மா அந்த வருசம் முழுக்கப் பயந்துகொண்டு திரிஞ்சா.

அந்த மாமா தொட்டிக்கு முன்னால குந்தியிருந்து கன நேரம் பாத்தார். செம்மஞ்சள் நிறப் பாம்பு. வடிவெண்டால் வடிவு. ஆனால் முதுகெலும்பு வரம்பு மாதிரி மேல எழும்பி நிண்டது, ரெண்டு பக்கமும் தோல் மடிஞ்சு தொங்கினது.

“அக்கா, இது சாப்பிட்டுக் கனநாள். எறியாதேங்கோ, நான் வைச்சிருக்கிறன்.”

வந்த நாளிலயிருந்து மாமா ஒரேயடியாக் கதைச்ச ஆகப் பெரிய கதை அதுதான். அம்மா என்னெண்டு மாட்டன் எண்டு சொல்லுறது?

முதல் நாள் அம்மா சில்வர் கிண்ணத்தில பாலும், பக்கத்தில ஒரு முட்டையும் வைச்சுக் கும்பிட்டா. தம்பிரான் திரும்பியும் பாக்கேல்லை. அடுத்த நாள் மாமாவும் நானும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, வளர்ப்புப் பிராணி விக்கிற கடைக்குப் போனம். நான்தான் மொழிபெயர்ப்பு. உங்களுக்குத் தெரியும்தானே, அந்த வயசில நாங்கள் எல்லாரும் வீட்டுக்கு வீடு மொழிபெயர்ப்பாளர்தான், டொக்டரிட்டயும் நாங்கள், வாடகைக் கதைக்கும் நாங்கள். கடைக்கார மனுசி பாம்பைக் கையில எடுத்து, உச்சுக் கொட்டினா. விசம் இல்லாத இனமாம், சாதுவாம், எலிதான் சாப்பாடாம், வேறொண்டும் ஆகாதாம். உறைய வைச்ச எலிகளைக் காட்டினா. இந்த அளவுப் பாம்புக்கு இந்த அளவு எலி எண்டு ஒண்டை எடுத்தா.

மாமா தலையை ஆட்டினார். “இல்லைப் பிள்ளை, ஆகச் சின்னனாத் தரச்சொல்லு. பட்டினி கிடந்த வயித்துக்கு ஒரேயடியா நிறையக் குடுக்கக்கூடாது. தாங்காது. எங்களோட இருந்த ஒரு பெடியன் அப்பிடித்தான்…”

அதோட நிப்பாட்டிப்போட்டார். நான் அந்தப் பெடியன் வரைக்கும் அப்பிடியே பிரெஞ்சில சொல்லிப்போட்டன். எனக்கு என்ன விளங்கினது, பத்து வயசு. கடைக்கார மனுசி மாமாவை ஒருக்கால் பாத்திட்டு, மயிர் முளைக்காத குஞ்சு எலியளை எடுத்துத் தந்தா. அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது எண்டு நான் யோசிக்கத் தொடங்கினது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான்.

எங்கட வீடுகளில ஐஸ்கிறீம் பெட்டியளுக்குள்ள ஐஸ்கிறீமைத் தவிர மற்றதெல்லாம் இருக்குமே? அப்பிடி ஒரு பெட்டிக்குள்ள எலிக்குஞ்சுகள் போய் பிரீசரில மீனுக்குப் பின்னால ஒளிச்சுக் கிடந்தது. அம்மா போட்ட சட்டம், வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடாது. வெள்ளியில எங்கட வீட்டில மச்சம் இல்லை, தம்பிரானும் சைவம். அப்பாவுக்குச் சிரிப்பு. “இஞ்சாரும், தம்பிரானுக்கும் ஒரு பிடி சோறும் பருப்பும் வையுமன்” எண்டுவார்.

ஆனால் அது லேசில சாப்பிடேல்லை. மாமா எலிக்குஞ்சைச் சுடுதண்ணியில போட்டு இளக்கி, இடுக்கியால பிடிச்சு முகத்துக்கு நேர ஆட்டுவார். இளகேக்க ஒரு ஈரக் கம்பளி மணம் வரும், எனக்குக் குமட்டும். தம்பிரான் தலையை இழுத்துக்கொள்ளும். இல்லாட்டி மாமான்ர கைக்குக் கொத்தும். சின்னப் பல்லு, சிவப்புப் புள்ளியள்தான் வரும். அம்மா, “விசர் வேலை பாக்காத தம்பி” எண்டு தலையில அடிச்சுக்கொள்ளுவா. மாமா கோவிக்கேல்லை. தான் போட்டுக் கழட்டின பெனியனைத் தொட்டிக்குள்ள விரிச்சு விட்டார், மணம் பழகட்டும் எண்டு. பேந்து கையை உள்ளுக்கு வைச்சு, அசையாமல் கிடப்பார். வேலைக்குப் போகவும் அனுமதி வராத காலம், அவருக்கு வேற என்ன சோலி. கை விறைச்சுப்போகும் வரைக்கும் இருப்பார்.

பிறகு ஒரு நாள் தான் உடுக்கிற சாரத்தால தொட்டியை மூடிப்போட்டு எங்களையெல்லாம் அறையை விட்டுக் கலைச்சார். “ஆரும் பாத்துக்கொண்டு நிண்டால் சாப்பாடு இறங்காது” எண்டவர். கொஞ்ச நேரத்தால கதவைத் திறந்தார்.

“அக்கா, அது சாப்பிட்டிட்டுது.”

முகம் முழுக்கச் சிரிப்பு. மாமாவுக்கு ஒரு கன்னத்தில குழி விழும் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். அம்மா போட்ட பிட்டையும் முட்டைப் பொரியலையும் வழிச்சுத் துடைச்சுச் சாப்பிட்டிட்டு, “இன்னும் இருக்கே?” எண்டு கேட்டார். அம்மா குசினிக்குள்ள போய் மூக்கைச் சிந்தினது எனக்குக் கேட்டது.

அந்தக் கோடை முழுக்க ரெண்டு பேரும் தேறினவை. தம்பிரான்ர முதுகு உருண்டு வந்தது, மாமான்ர தோள் சட்டையை நிரப்பினது. கொத்துறது நிண்டு, அது மாமான்ர கையில ஏறி, சட்டைக் கைக்குள்ளால புகுந்து கழுத்தடியில எட்டிப் பாக்கப் பழகினது. எனக்கும் ஒருக்கால் தூக்கத் தந்தவர். வழுவழு எண்டு ஈரமாயிருக்கும் எண்டு நினைச்சிருந்தன். இல்லை, நல்லாக் காய்ஞ்சு, இளஞ்சூடா, தோய்ச்சு வெயிலில போட்ட பட்டுச்சீலை மாதிரி இருந்தது. ஒருநாள் தம்பிரான் சட்டை கழட்டினது. முழுசா ஒரு கிழிசலும் இல்லாமல். அம்மா அதை மஞ்சள் துணியில சுத்திச் சாமிப் படத்துக்குப் பின்னால வைச்சவ. பிறகு வீடு மாறேக்க எங்கயோ போட்டுது. எத்தினை குப்பையைக் காவிக்கொண்டு போனம், அதை விட்டிட்டம்.

பள்ளிக்கூடம் தொடங்கின பிறகு ஒருநாள் பின்னேரம் வாறன், மாமான்ர அறைக்குள்ள கதைச்சுக் கேக்குது. ஆரோ வந்திருக்கினமாக்கும் எண்டு பாத்தால் ஒருத்தரும் இல்லை. கதவு நீக்கலால பாத்தன். தம்பிரான் அவற்ற மணிக்கட்டைச் சுத்திக்கொண்டு கிடக்குது, மாமா அதுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். பேர், ஊர். பிறகு, “அண்டைக்கு விடியக் காலமை…” அதில ஒரு இடத்தில நிண்டிட்டார். அடுத்த நாள் அந்த இடத்தைத் தாண்டினார். ஒவ்வொரு பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமாத் தூரப் போனார். நான் புத்தகப் பையோட கொரிடோரில குந்தியிருந்து கேப்பன். மேப்பிள் இலையெல்லாம் சிவக்கிற நேரம், மாமா தொடக்கத்திலயிருந்து முடிவு வரைக்கும் நிப்பாட்டாமல் சொன்னதை என்ர காதால கேட்டன். என்ன சொன்னவர் எண்டு இதில எழுதமாட்டன், அது அவற்றது.

அம்மாவுக்கும் தெரியும் அவர் கதைக்கிறார் எண்டு. ஆனால் அந்த நேரம் பாத்து ரேடியோவைக் கூட்டி விட்டிடுவா. தம்பிக்கு நடந்ததைக் கேக்கிற தைரியம் அவவுக்கு இல்லை. ஆனால் சந்தோசம் எண்டால் சொல்லி வேலையில்லை. “தம்பிரான்தான்ரி பிள்ளை மாமான்ர வாயைத் திறந்துவிட்டவர்” எண்டு என்னைக் கட்டிப் பிடிச்சவ. வக்கீலுக்கு முன்னாலயும் மாமா பாதி வரைக்கும் சொல்லிப்போட்டாராம். முழுக்கச் சொல்லிடுவார் எண்டு எல்லாருக்கும் நம்பிக்கை வந்திட்டுது.

இதோட விட்டிருக்கலாம். தானா நடக்கிறதைத் தன்பாட்டில விட எங்கட அம்மாமாருக்குத் தெரியாதே. கந்தசஷ்டி வந்தது. விசாரணை அதுக்கு அடுத்த கிழமை. கேஸ் வெல்லவேணும் எண்டு அம்மா ஆறு நாளும் இளநீரோட உபவாசம் இருக்க நேர்ந்துகொண்டா. அந்தக் கிழமைதான் மாமாவுக்கு வேலை அனுமதி வந்து, பெடியளோட ஊருக்கு வெளியில ஆப்பிள் தோட்டத்தில கடைசி அறுவடைக்குப் போனவர். அங்கயே தங்கல். போகேக்க அம்மாவுக்கு வடிவாச் சொன்னவர், தண்ணி மாத்தவேணும், சூட்டு லைற்றை நிப்பாட்டக்கூடாது, நடுவில ஒருநாள் எலி வைக்கவேணும் எண்டு.

அவர் வெளிக்கிட, அம்மா வீட்டைக் கழுவித் துடைச்சா. சஷ்டிக்கு வீட்டில மச்சம் புழங்கக்கூடாது. மீனும் போச்சு, ஐஸ்கிறீம் பெட்டியும் குப்பைக்குப் போச்சு. தண்ணிக் கிண்ணத்தையும் எடுத்துப்போட்டு, அந்த இடத்தில காய்ச்சி ஆறின பாலில ஒரு சிட்டிகை மஞ்சளும் சீனியும் போட்டு வைச்சா.

“அம்மா, மாமா தண்ணியெல்லோ வைக்கச் சொன்னவர்?”

“வாயைப் பொத்து. விரத நாளில தம்பிரானுக்குத் தண்ணியே வைக்கிறது?”

அப்பாவும் கேட்டவர். “இஞ்சாரும், கடைக்காரி எலியைத் தவிர ஒண்டும் ஆகாது எண்டவளாம். உதுக்குப் பால் ஒத்துக்கொள்ளுமோ?”

“உங்களுக்கு எல்லாத்திலயும் ஐமிச்சம். உங்கட தம்பி எண்டால் உப்பிடிக் கதைப்பியளே?”

அப்பா பேப்பரைத் தூக்கிக்கொண்டு அங்கால போட்டார். ரெண்டு மூண்டு நாள் தம்பிரான் பாலைத் தொடேல்லை. அம்மா ஒவ்வொரு விடியவும் குளிச்சுத் தோஞ்சிட்டு வந்து புதுசா மாத்தி, கற்பூரம் காட்டுவா. பிறகு குடிச்சது. தாகத்தில கிடந்த உயிர், எதைக் குடுத்தாலும் குடிக்கும்தானே. அம்மாவுக்கு அது விளங்கேல்லை. “குடிச்சிட்டார்! முருகா, குடிச்சிட்டார்! என்ர தம்பின்ர கேஸ் வெண்டாச்சு!” எண்டு, சாப்பிடாத உடம்பு நடுங்க நடுங்க டெலிபோன் எடுத்து ஊர் முழுக்கச் சொன்னவ. பக்கத்து வீட்டுப் பொம்பிளையள் பூக்கொண்டு வந்து கும்பிட்டிட்டுப் போச்சினம். நானும் கும்பிட்டன்.

சூரசம்காரத்தண்டு பின்னேரம் மாமா ஒரு சாக்கு ஆப்பிளோட வந்தார். அறைக்குள்ள கால் வைச்ச உடன, புளிச்ச பால் மணம் அவருக்கு அடிச்சிருக்கவேணும். தம்பிரான் வாயைத் திறந்துகொண்டு, வயித்தாலடிச்சு, துவண்டு கிடந்தது. மாமா கிண்ணத்தைப் பாத்தார். வெறும் பிரீசரைத் திறந்து பாத்தார். பிறகு திரும்பி அம்மாவைப் பாத்தார். அம்மா கன்னம் ஒட்டி, சுவரைப் பிடிச்சுக்கொண்டு, சிரிச்சுக்கொண்டு நிண்டவ. “தம்பி, உனக்காகத்தானடா ஆறு நாளும்” எண்டவ.

மாமா தொட்டிப் பக்கம் திரும்பினார். சுடுதண்ணியில பஞ்சை நனைச்சு அதின்ர வாயைத் துடைச்சார். சட்டைக்குள்ள நெஞ்சோட வைச்சுக்கொண்டு இருந்தார். விடிய அது செத்துப்போச்சு. தன்ர சாரத்தில சுத்தி, பின் ஒழுங்கையில, விழுந்த இலையளை விலக்கிக் கிடங்கு கிண்டினார். அம்மா பக்கத்தில நிண்டு அழுதுகொண்டு, “உன்ர கண்டத்தை அது எடுத்துக்கொண்டு போட்டுது தம்பி, இனி உனக்கு ஒண்டும் வராது” எண்டு சொன்னவ.

“ஓம் அக்கா” எண்டார் மாமா.

அடுத்த கிழமை விசாரணையில மாமா பேரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் கேக்கக் கேக்க மேசையையே பாத்துக்கொண்டிருந்தாராம். வக்கீல் வெளியில வந்து அம்மாவிட்டக் கையை விரிச்சார். கேஸ் தள்ளுபடி. அப்பீல், பிறகு இன்னொரு விண்ணப்பம், எப்ப பிடிச்சு ஏத்துவாங்களோ எண்ட பயம், ரெஸ்டோரண்டில கோப்பை கழுவுற வேலை, இப்பிடியே அவற்ற இளமை முழுக்கப் போச்சு. ஊரில அவருக்காகக் காத்திருந்த பிள்ளையும் பாத்துப் பாத்து, கடைசியில வேற கலியாணம் கட்டிட்டுது. நான் கலியாணம் முடிச்ச வருசம்தான் மாமாவுக்கு இங்க நிரந்தரமா இருக்கலாம் எண்டு கடதாசி வந்தது. அம்மா சொல்லுவா, சஷ்டி பிடிச்சபடியாத்தான் அவரைத் திருப்பி அனுப்பேல்லை எண்டு. எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பா. மாமா பக்கத்தில இருந்தால், “ஓம்” எண்டுவார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். அம்மாவில எவ்வளவு ஆத்திரம் வைச்சிருந்தனான் எண்டு இப்பதான் சொல்லுறன்.

இப்ப அம்மா வயோதிபர் இல்லத்தில இருக்கிறா. மாமாவுக்கும் தலை முழுக்க வெள்ளை. ஞாயிறு தவறாமல் வருவார். போன மாசம் நான் யன்னலடியில நிண்டு பூவுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருக்கிறன், அம்மா திடீரெண்டு கேட்டா.

“தம்பி, அந்தப் பால்தானே?”

மாமாவுக்கு உடன விளங்கிட்டுது. நான் தண்ணி விடுறதை விட்டிட்டுத் திரும்பிப் பாத்தன். இவ்வளவு காலமும் இந்த மனுசி இதை உள்ளுக்க வைச்சுக்கொண்டுதான் ஊருக்கு அந்தக் கதை சொல்லித் திரிஞ்சவவோ?

“இல்லையக்கா. அது முதலே ஏலாமக் கிடந்ததுதானே.”

“நான் பால் வையாட்டி, நீ அண்டைக்குக் கதைச்சிருப்பாய்.”

“இல்லையக்கா. நான் கதைச்சிருக்கமாட்டன்.”

அவர் தம்பிரானுக்கு முழுக்கச் சொல்லி முடிச்சதை நான் கேட்டனான். மாமா என்னைப் பாக்கேல்லை. நான் திரும்பவும் பூவுக்குத் தண்ணி விட்டன். அம்மா கொஞ்ச நேரம் கம்பளியை நீவிக்கொண்டு கிடந்தா.

“அப்ப எனக்கு இப்ப சொல்லு. நான் ஒருநாளும் கேக்கேல்லை” எண்டா.

மாமா கதிரையைக் கட்டிலோட இழுத்துப் போட்டு, அம்மான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு தொடங்கினார். “அண்டைக்கு விடியக் காலமை…” எண்ட இடத்திலயிருந்து. அம்மா பாதியிலேயே நித்திரையாப் போட்டா. மாமா நிப்பாட்டேல்லை.